தறி நின்ற பிறகு இட்டேரி

ராத்திரி ஷிப்ட் முடிந்து தறிக்குடோனை விட்டு வெளியே வந்தால் முதல் பத்து நிமிஷத்துக்கு எனக்கு ஒன்றும் சரியாகக் கேட்காது. எட்டுத் தறி, பன்னிரண்டு மணி நேரம். ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்ட சத்தம் தலைக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாசல் குழாயில் முகத்தைக் கழுவி, முடியில் ஒட்டின பஞ்சுத்தூசியைத் தட்டிவிட்டு, செருப்பைப் பையில் போட்டு ஷூ மாட்டிக்கொண்டு, தார் ரோட்டைத் தாண்டி இட்டேரிக்குள் இறங்கிவிடுவேன்.

அங்கிருந்து வீட்டுக்கு மூன்றே கால் கிலோமீட்டர். வண்டியில் ரோட்டோடு சுற்றிப் போனாலும் பத்து நிமிஷத்தில் போய்விடலாம். வேலைக்கு வரும்போது பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறான். திரும்பிப் போவது மட்டும் என் கால் கணக்கு. ஆறு வருஷமாக இப்படித்தான். தனியாகத்தான்.

இட்டேரி என்றால் என்ன என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு மண் தடம். காட்டுக்கும் தோட்டத்துக்கும், தோட்டத்து வீடான சாளைக்கும் ஊருக்கும் போய்வர அந்தக் காலத்தில் விட்டுவைத்த வழி. நான் சொல்லும் இட்டேரி காங்கயத்துக்கும் வெள்ளக்கோயிலுக்கும் நடுவே இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கிற நாளில் வடக்கே சென்னிமலை நீலமாகத் தெரியும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் வரும், மழை வராது. மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு நம் தலைக்கு மேலே போகும். ஐப்பசி கார்த்திகையில் பெய்வதை வைத்துத்தான் வருஷத்தை ஓட்ட வேண்டும்.

அந்த மழைக்கு ஏற்ற மாதிரி எங்கள் முன்னோர் செய்துவைத்ததுதான் கொறங்காடு. உழுது விதைக்காமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், மேலே அங்கங்கே வெள்வேலாமரம், சுற்றிலும் கிளுவை வேலி. வேலி இறுக்கமாக இருந்தால் மாட்டையும் செம்மறியையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டுப் போய்விடலாம், மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றி விடுவார்கள். வெள்வேலாங்காய் உதிர்ந்தால் ஆடுகள் அதைப் பொறுக்கித் தின்னும். இப்படி வேலி வேலியாகப் பிரித்த காடுகளுக்கு நடுவே ஓடுவதுதான் என் இட்டேரி.

வேலியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்ததெல்லாம் அந்த வேலிக்குள் பார்த்ததுதான். கிளுவைக் கிளையைப் போத்தாக, அதாவது நடுகிற குச்சியாக வெட்டி வரிசையாக நட்டால் மழையில் வேர்விட்டுக்கொள்ளும். தை மாசி வந்தால் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பச்சைப் பட்டையோடு முள்ளும் குச்சியுமாக நிற்கும். பார்க்கிறவர்கள் பட்டுப்போய்விட்டது என்பார்கள். ஒரு கோடை மழை விழட்டும், நாலே நாளில் துளிர் தள்ளிவிடும். இலையைக் கசக்கினால் ஒரு வாசம் வரும், அதை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. கிளுவையைப் பிடித்துப் பிரண்டை ஏறும், பிரண்டை மேல் கோவைக்கொடி ஏறும். அடியில் சங்கஞ்செடியும் சூரைமுள்ளும் அடைத்துக்கொள்ளும். ஐம்பது அறுபது வருஷமான வேலி சில இடத்தில் ஆறடி அகலம் இருக்கிறது. மேல்நுனியில் கரிச்சான் உட்காரும், நடுவில் ஓணானும் தையல்சிட்டும், அடியில் தவிட்டுக் குருவிக் கூட்டம் சருகைப் புரட்டும், அதற்கும் கீழே கீரி வளை வைத்திருக்கும்.

ஏன் தனியாகப் போகிறாய், துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று வீட்டிலும் கேட்கிறார்கள், குடோனிலும் கேட்கிறார்கள். இதற்குப் பதில் என் காதில் இருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன்பு காது பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்க என்று ஒரு அம்மா சொன்னார். ஆரம்பத்தில் தூக்கினேன். அப்புறம் வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. அவர் அடுத்ததை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தேன். முடிந்தபின் தாளைக் காட்டினார். கோடு ஓரளவு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. இடது காதில் பள்ளம் இன்னும் ஆழம். அவர் ஆரம்பிக்காமல் இல்லை, எனக்குக் கேட்கவில்லை. தறிக்காரர்கள் காதில் இதே இடத்தில்தான் பள்ளம் விழும் என்றார். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு, தறிக்குடோன் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். உள்காதில் இருக்கிற மெல்லிய மயிர்ச் செல்கள் சத்தத்தில் செத்துப்போனால் திரும்ப முளைப்பதில்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அன்றிலிருந்து நுரை அடைப்பான் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டுதான் தறிக்கு முன் நிற்கிறேன். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் வெறுங்காதோடு நின்றாயிற்று.

போன காணும் பொங்கலன்று என் மகளை இட்டேரிக்குக் கூட்டிப்போனேன். ஏழாவது படிக்கிறாள். ஆவாரஞ்செடிப் பக்கம் ஊதாத் தேன்சிட்டு ஒன்று, வெயில் பட்டால் மினுங்குமே அந்த ஆண் சிட்டு, குச்சி நுனியில் உட்கார்ந்திருந்தது.

"அப்பா, அது எவ்வளவு நேரமாக் கத்திக்கிட்டே இருக்குது பாருங்க!" என்றாள்.

அலகு திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. கழுத்து துடிப்பது தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. "ஆமா சாமி" என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் போனது கூர்மையான சத்தங்கள். தேன்சிட்டு, கதிர்க்குருவி, சில்வண்டு இதெல்லாம் வலது பக்கம் திரும்பி நின்றால் லேசாக எட்டும், இல்லாவிட்டால் இல்லை. கனமான சத்தமெல்லாம் இன்னும் என்னிடம் இருக்கிறது. செம்போத்து தொண்டைக்குள்ளிருந்து ஊப் ஊப் என்று எடுப்பது கேட்கும். கௌதாரி வேலிக்கு அந்தப் பக்கம் கத்தீத்தர் கத்தீத்தர் என்று ஊரைக் கூட்டுவது கேட்கும். கன்னான் செம்பைத் தட்டுகிற மாதிரி குக்குறுவான் விடாமல் தட்டுவது கேட்கும். மயில் கேட்கும், அது யாருக்குத்தான் கேட்காது.

யாராவது கூட நடந்து வந்தால் என்ன ஆகும் என்றால், அவர்கள் பேசுவதை விளங்கிக்கொள்ள நான் அவர்கள் வாயைப் பார்த்தாக வேண்டும். குடோனில் நாங்கள் எல்லோரும் வாயசைவையும் கையசைவையும் வைத்துத்தான் பேசிக்கொள்வோம், பழகிப்போன வித்தை அது. ஆனால் வாயைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வேலியைப் பார்க்க முடியாது. ஒரு தடவை கூடவே வேலை செய்கிற ஒருவர், நல்ல மனுஷர், ஆசையாக வந்தார். வீடு போய்ச் சேரும்வரை சீட்டுப் பணம், மாமியார் வீட்டு வழக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கதை முழுக்க எனக்குத் தெரியும் இப்போது. அன்று வேலியில் என்ன இருந்தது என்று தெரியாது.

காது கெடுத்ததற்குத் தறி கண்ணில் ஈடு கொடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பாவில் மூவாயிரத்துச் சொச்சம் நூல் ஓடும். அதில் ஒன்று அறுந்தால் தறியை நிறுத்திப் புனைய வேண்டும், கவனிக்காமல் விட்டால் துணியில் கோடு விழுந்துவிடும். எட்டுத் தறிக்கும் நடந்துகொண்டே இருக்கிறவனுக்கு எந்த நூலையும் தனியாகப் பார்க்க நேரம் கிடையாது. மொத்தப் பாவும் ஒரே மாதிரி ஆடும்போது ஒரு இடம் மட்டும் வேறு மாதிரி ஆடினால் கண் போய் நிற்கும். இட்டேரியிலும் அதே கண்தான். காற்றில் வேலி முழுக்க ஒரு பக்கமாகச் சாயும்போது ஒரு கொத்து இலை மட்டும் எதிர்ப்பக்கம் அசைந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. நின்றுவிடுவேன். பெரும்பாலும் தையல்சிட்டு. ஒரு நாள் பச்சைப்பாம்பு.

மார்கழியில் ஷிப்ட் முடிகிற நேரம் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். அப்போது இட்டேரிக்குள் டார்ச்சை நீட்டினால் தடத்தின் நடுவில் தரையோடு தரையாக இரண்டு கங்கு எரியும். அது பக்கி என்கிற ராத்திரிப் பறவை. புழுதியில் படுத்திருக்கும், உடம்பு அப்படியே காய்ந்த சருகு நிறம். ராத்திரி முழுக்க விட்டில் பிடித்துத் தின்றுவிட்டு விடிவதற்கு முன் மண் தடத்தில் வந்து உட்காரும். நாலடி தூரம் போகும்வரை அசையாது. அப்புறம் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல் எழுந்து வேலிக்கு மேலே போய்விடும். இறக்கை அடிப்பது எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று முதலில் நினைத்தேன். மகளைக் கேட்டேன், அவளுக்கும் கேட்கவில்லை என்றாள். அதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அவளுக்குச் சொல்லவில்லை. பக்கியின் கூப்பாடு கனமான சத்தம், எனக்கு நன்றாகவே வரும். கோலிக்குண்டைச் சிமெண்டுத் தரையில் போட்டால் முதலில் விட்டு விட்டும் பிறகு வேக வேகமாகவும் குதித்து அடங்குமே, அப்படி இருக்கும். அது கூடு கட்டாது. வெறும் தரையில் இரண்டு முட்டை வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். அதனால் சித்திரை வைகாசியில் தடத்தை விட்டு இறங்கவே மாட்டேன். எங்கே எதை மிதிப்போம் என்று தெரியாது.

முட்டை என்றதும் ஆள்காட்டியைச் சொல்லாமல் விட முடியாது. போன சித்திரையில் இட்டேரிக்குப் பக்கத்துக் கொறங்காட்டில், படலுக்கு உள்ளே இருபது தப்படி தள்ளி, சரளைக் கல்லுக்கு நடுவே நாலு முட்டை. மண் நிறத்தில் கரும்புள்ளி தெறித்தது. கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்து, கூட்டல் குறி மாதிரி அடுக்கியிருந்தது. நான் அதைக் கண்டுபிடித்ததே தாய்ப்பறவை போட்ட கூச்சலில்தான். டிட்டிட்டூயிட் டிட்டிட்டூயிட் என்று தலைக்கு மேலே வந்து வந்து போனது. ஆளைக் காட்டிக்கொடுக்கிற பறவை தன் முட்டையையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போய் தூரத்து வெள்வேலாமரத்தடியில் உட்கார்ந்தேன். கல்லெல்லாம் சுட்டுக்கொண்டிருந்தது. முட்டை மேல் படுத்திருந்த பறவை வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரத்தில் எழுந்து பறந்து மாடு குடிக்கிற தண்ணித்தொட்டிக்குப் போனது. தொட்டி வழிந்து தேங்கின சேற்றில் நின்று வயிற்றை அமுக்கி அமுக்கி நனைத்தது. திரும்பி வந்து, நேராக முட்டைக்குப் போகாமல் பத்தடி தள்ளி இறங்கி, நான்கு எட்டு நடப்பதும் நிற்பதுமாக வந்து, நனைந்த வயிற்று இறகை முட்டை மேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தது. அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்று மட்டும் நினைத்திருந்தேன். எங்கள் ஊர் வெயிலில் அது முட்டைக்குக் குளிர் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் ஏழு தடவை. அன்றைக்கு நான் வேறு எங்கேயும் இருந்திருக்க விரும்பவில்லை.

நான் முதலில் பார்த்த நாளிலிருந்து இருபத்தி இரண்டாம் நாள் காலை முட்டை இல்லை. யாரோ, எதுவோ எடுத்துவிட்டது என்று மனசு விழுந்துவிட்டது. அப்போது அம்மா ஒரு குரல் கொடுத்தது. கல் என்று நான் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று தரையோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. குஞ்சு. உற்றுப் பார்க்கப் பார்க்க மூன்று தெரிந்தன. நாலாவதைத் தேடவில்லை, அங்கே நிற்பதே அவற்றுக்குத் தொந்தரவு.

அம்மாவைப் பெற்ற அப்பிச்சி ஒன்று சொல்வார்: ஆள்காட்டி பள்ளத்தில் முட்டை வைத்தால் மழை சுணங்கும், மேட்டில் வைத்தால் கொட்டும் என்று. அந்த முட்டை மேட்டில்தான் இருந்தது. அந்த வருஷ மழை சுமார்தான். அப்பிச்சி இருந்திருந்தால் அது மேடே இல்லை என்று சாதித்திருப்பார்.

எல்லாமே இப்படி அழகாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சூரைமுள்ளில் ஒரு காலை பெரிய வெட்டுக்கிளி ஒன்று குத்தி நின்றது, யாரோ துணிக்கு ஊசி குத்தி வைத்த மாதிரி. கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கீச்சானின் வேலை. கைப்பிடி அளவுகூட இல்லாத பறவை, பருந்துக்கு இருக்கிற மாதிரிக் கொக்கி அலகு. பிடித்ததை முள்ளில் குத்தி வைத்துவிட்டுக் கிழித்துத் தின்னும், மிச்சத்தை அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளும். மறுநாள் பார்த்தேன், தலையும் மார்பும் இல்லை. அதற்கு மறுநாள் ஒரு இறக்கை மட்டும். கம்பி வேலியில் இது நடக்காது, முள் வேண்டும்.

ஐப்பசி முதல் மழை முடிந்த காலை தனி. ஈசல் பறந்து இறக்கை உதிர்ந்து கிடக்கும். செம்மண்ணில் ரத்தச் சிவப்பில் பட்டுப்பூச்சிகள் ஊரும், பட்டுநூல் நூற்கிற புழு இல்லை, இது வேறு. சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் இலை போட்டு அடைத்து வைத்தோம், இலை தின்னும் என்று நினைத்து. அவை இலை தின்பதில்லை என்று இப்போதுதான் தெரியும். பூச்சி முட்டைகளைத் தின்று வாழ்பவை, வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருந்துவிட்டு இந்த ஒரு சில நாளுக்கு மேலே வருகிறவை. அதை அடைத்து வைத்தோம். சங்கப் பாட்டில் இதற்கு மூதாய் என்று பேர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு எவரோ ஒருவர் இதே மாதிரி மழை விட்ட காலையில் குனிந்து பார்த்திருக்கிறார்.

அதே மாசங்களில் புல் காட்டுக்கு மேலே பூனைப்பருந்து தாழப் பறந்து வரும். மத்திய ஆசியாப் பக்கமிருந்து குளிருக்கு இங்கே வந்து பங்குனி வாக்கில் திரும்பிவிடும். ராத்திரி மரத்தில் அடையாது, புல்லுக்குள் தரையில்தான் தூங்கும்.

பயம் இல்லையா என்றால், இருக்கிறது. முதல் பயம் சாளை நாய். விடியக்காலையில் கட்டை அவிழ்த்து விட்டிருப்பார்கள். ஓடக்கூடாது, நின்று, குனிந்து கல் எடுக்கிற மாதிரி பாவனை செய்தால் போதும். ஒரு மாசம் போனால் நாயும் பழகிவிடும். இரண்டாவது பாம்பு. சுருட்டை விரியன் எங்கள் சரளைக் காட்டில் உண்டு. சீண்டினால் உடம்பைச் சுருட்டிச் செதிலோடு செதிலை உரசும், எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டார்ச் வெளிச்சத்தில் அரை எட்டு முன்னால் ஒன்று அப்படி உரசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். உடம்பு உரசுவது தெரிந்தது. எனக்குக் கேட்கவில்லை. அன்றிலிருந்து செருப்போடு இறங்குவதில்லை. டார்ச்சில் பாட்டரி பாதிக்குக் கீழே போனால் ரோட்டு வழிதான். நீங்களும் போனால் கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள், எந்த வழியில் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கடித்துவிட்டால் கட்டுக் கட்டிக் கீறிக் கொண்டிருக்காமல் நேராக அரசு ஆஸ்பத்திரி.

இதைப் படித்துவிட்டு சத்தியமங்கலத்திலோ டாப்சிலிப்பிலோ தனியாக நடக்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். அவை புலிகள் காப்பகம். டாப்சிலிப் இருக்கிற ஆனைமலை 2007லும் சத்தியமங்கலம் 2013லும் அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதியும் கூடவே ஆளும் இல்லாமல் காலை வைக்கக் கூடாது. அது யானை வழி. எனக்கு யானை பார்க்க ஆசைதான், ஆனால் என் காதை வைத்துக்கொண்டு அதன் வீட்டுக்குள் நடப்பது அதற்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. நீர்ப்பறவை பார்க்க வேண்டுமானால் நம் திருப்பூர் ஜில்லாவிலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது. ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு இருக்கிறது. வெள்ளோடு 2022லும் நஞ்சராயன் 2024லும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இமயமலையைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்தை நஞ்சராயன் குளத்தில் பார்த்திருக்கிறேன். பனியன் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து இறங்குகிறதே என்று தொண்டை அடைத்தது. இருந்தாலும் அங்கே போக பஸ் ஏற வேண்டும். இட்டேரி என் கால்மாட்டில் இருக்கிறது.

தை மாசம் பொங்கல் நாலு நாளும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015 முதல். பதினைந்து நிமிஷம் ஒரு இடத்தில் பார்த்து எண்ணி இபேர்டு என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். நானும் பதிகிறேன். போன தையில் இட்டேரியில் ஒரு நடைக்கு 38 வகை. காதால் மட்டும் அறிகிற சின்னப் பறவைகளை நான் எழுதுவதில்லை. அங்கே இருந்திருக்கும், எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வழியில் ஆடு மேய்க்கிற ஆத்தா ஒருவர் உண்டு. எண்பது வயது இருக்கும். ஆரம்பத்தில் நான் வேலியைப் பார்த்து நிற்பதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம்.

"ஏங் கண்ணு, ஒத்தையில நின்னுக்கிட்டு அங்க என்னத்தப் பாக்கற? கண்ணி கிண்ணி வெச்சிருக்கறயா?"

"இல்லீங்க ஆத்தா, கௌதாரி குஞ்சோட போகுதுங்க, அதத்தான் பாக்கறனுங்க."

"பாக்கறதுக்கு அதுல என்ன இருக்குது?" என்றவர், கொஞ்ச நேரம் என் பக்கத்திலேயே நின்று பார்த்தார். "ஆறு" என்றார். நான் ஐந்துதான் எண்ணியிருந்தேன்.

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. நைலான் கண்ணி வைத்துக் கௌதாரி பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேலிச் சந்தில் மூன்று தடவை கண்ணியைப் பார்த்து அறுத்து எறிந்திருக்கிறேன். இப்போது ஆத்தாவும் பார்த்தால் அறுக்கிறார்.

இனி எழுதக் கஷ்டமான விஷயம். போன புரட்டாசியில் ஒரு வாரம் பகல் ஷிப்ட். சாயங்காலம் வரும்போது இட்டேரியின் கிழக்குப் பக்கத்தில் வானம் தெரிந்தது. அங்கே வானம் தெரியக்கூடாது. ஜேசிபி வைத்து நானூறு அடிக்கு வேலியைப் பிடுங்கி ஓரமாகக் குவித்திருந்தார்கள். கல்லுக்கால் ஊன்றி கம்பிவலை கட்டிக்கொண்டிருந்தார்கள். குவியலில் கிளுவை இன்னும் பச்சையாக இருந்தது. கோவைக்கொடியில் காய் இருந்தது. அந்த நானூறு அடியில் யார் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வெள்வேலாமரத்துக்கு நேரே கீரி வளை. ஏழு தவிட்டுக் குருவிகள் ராத்திரி ஒட்டிக்கொண்டு அடைகிற சங்கம்புதர். கீச்சானின் முள். வெயில் சாய்கிறவரை அங்கேயே நின்றேன்.

காட்டுக்காரரைக் கேட்டேன். கெட்டவர் இல்லை.

"வேலி வெட்ட ஆளு எங்கீங்க கெடைக்குது? கூலி கொடுத்து மாளுதுங்களா? கம்பின்னா ஒரே செலவு, வேலை முடிஞ்சுதுங்க."

அவர் சொல்வது கணக்குப்படி சரி. உயிர்வேலியை வருஷா வருஷம் கிளை கழித்து, சந்து அடைத்து, முள் கட்டிப் பார்க்க வேண்டும். அவர் பையன்கள் திருப்பூரில். ஆறடி அகல நிலமும் மிச்சம். நான் என்ன சொல்ல முடியும். ஆனால் அடுத்த வாரம் நான் பார்த்ததை அவரிடம் சொன்னேன். தவிட்டுக் குருவிகள் எப்போதும் வேலியோடு வேலியாகப் புதருக்குப் புதர் தத்திப் போகிறவை, நீளமாகப் பறக்கத் தெரியாதவை. வேலி முடிகிற இடத்தில் ஏழும் வந்து நின்றுவிட்டன. சலசலவென்று ஒரே பேச்சு. முதலில் ஒன்று, அந்த வெட்டவெளியைத் தாண்டி அந்தப் பக்க வேலிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு பறந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்று. ஐந்தாவது பறக்கும்போது வல்லூறு வந்தது. நானூறு அடியில் ஒளிய ஒரு இலை இல்லை. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த நாலும் இந்தப் பக்கம் மிஞ்சின இரண்டும் வெகு நேரம் கத்திக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

கம்பிக்கு வெளியே, இட்டேரி ஓரமாக, ஒரே ஒரு வரிசை கிளுவை நட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தண்ணி நான் ஊற்றுகிறேன், வருஷா வருஷம் நான் கழித்துவிடுகிறேன் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்க இஷ்டமுங்க" என்றார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் 140 போத்து நட்டேன். இட்டேரியின் மறுகோடியில் இருக்கிற பழைய வேலியில் வெட்டியது. மாப்பிள்ளையும் ஒரு நாள் வந்து கடப்பாரை போட்டான். மழை ஓரளவு கை கொடுத்தது. முதலில் துளிர்த்ததை வெள்ளாடு கடித்துவிட்டது, அதன்பின் ஆத்தா அந்தப் பக்கம் ஆட்டைத் திருப்புவதில்லை.

நேற்றுக் காலை எண்ணினேன், 96 பிடித்திருக்கிறது. எண்ணிக்கொண்டே போகையில் இடுப்புயரப் போத்து ஒன்றின் நுனியில் ஓணான் ஒன்று ஏறி உட்கார்ந்து, வெயிலைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. தாண்டிப் போனால் இறங்கி ஓடிவிடும். அது தானாக இறங்கட்டும் என்று நின்றேன். இறங்கவில்லை. ஏழே முக்காலுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது.